துய்ப்ளே கையில் வாட்ஸ்அப் இருந்திருந்தால்

நேற்று சாயங்காலம் புதுச்சேரி கடற்கரைச் சாலையில் நடந்தபோது துய்ப்ளே சிலையைப் பார்த்து ஒரு யோசனை. அந்த மனிதர் இங்கே பிரெஞ்சு கவர்னராக இருந்த காலத்தில், பாரிசுக்குக் கடிதம் கப்பலில் போய்ப் பதில் வர ஒரு வருடத்துக்கு மேல் ஆகும், அதனால் எந்த நவாபை ஆதரிப்பது, எவரோடு சண்டை போடுவது எல்லாம் இவர் இஷ்டம்தான். மேலிடத்துக்குப் பிடிக்காமல் போய், 1754-இல் கொதே என்பவர் கப்பலில் வந்து இறங்கித்தான் இவரைப் பதவியிலிருந்து இறக்க வேண்டியிருந்தது!

இப்போது ஒரு நாட்டின் சார்பில் வெளிநாட்டில் உட்கார்ந்திருக்கும் தூதருக்கு அந்தச் சுதந்திரம் ஏது? தலைநகரத்திலிருந்து நிமிஷத்துக்கு ஒரு செய்தி வருகிறது. சில சமயம் அமைச்சர்களே நேரடியாகப் பேசிக்கொள்கிறார்கள், தூதருக்குச் செய்தி டிவியில் தெரிகிறது.

ஆனால் அந்த ஊரில் உட்கார்ந்து பார்க்கிற கண்ணுக்கு மாற்று கிடையாது என்பதுதான் என் கட்சி. 1946-இல் மாஸ்கோவிலிருந்து அமெரிக்கத் தூதரக அதிகாரி ஜார்ஜ் கென்னன் 5,000 சொற்களுக்கு மேல் ஒரே தந்தியாக அடித்தார், அமெரிக்காவின் சோவியத் கொள்கையே அதை ஒட்டி மாறியது. இன்றைக்கு அவ்வளவு நீளமாக எழுதினால் யார் படிப்பார்கள்? மனம்விட்டு எழுதவும் பயம். 2010-இல், ரகசிய ஆவணங்களை வெளியிடும் விக்கிலீக்ஸ் இணையதளத்தின் கையில் சிக்கிய அமெரிக்கத் தூதரகச் செய்திகள் மட்டும் 2,50,000-க்கு மேல்.

சரி, நல்லதும் உண்டு. சுஷ்மா சுவராஜ் வெளியுறவு அமைச்சராக இருந்தபோது, வளைகுடாவில் மாட்டிக்கொண்டவர்கள் ட்விட்டரில் கூப்பிட்டால் அவரே பதில் போட்டுத் தூதரகத்தை முடுக்கிவிடுவார். கடலூரில் என் சித்தப்பா வீட்டில் இன்னும் அதைத்தான் பேசுகிறார்கள்.