யாழ்ப்பாணத்து ஆஸ்டினிலிருந்து மெட்ராஸ் ஹெரால்டு காருக்கு

யாழ்ப்பாணத்தில் பழைய கார் வைத்திருப்பதைப் பொழுதுபோக்கு என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆஸ்டின் ஏ40, மொரிஸ் மைனர், கேம்பிரிட்ஜ் எல்லாம் அங்கே கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் வாடகைக்கும் ஓடிய வண்டிகள். 1990க்குப் பிறகு, பொருளாதாரத் தடையில் பெட்ரோல் கிடைக்காமல் போனபோது மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் பற்றாது. அதனால் சின்னப் போத்தலில் பத்திரப்படுத்திய பெட்ரோலை, எரிபொருளைக் காற்றோடு கலக்கும் கார்ப்பரேட்டருக்குள் சொட்டுச் சொட்டாக விட்டு ஸ்டார்ட் செய்து, எஞ்சின் சூடானதும் மாற்றிவிடுவார்கள். உதிரிப்பாகம் வராது. எது பொருந்துகிறதோ அதுதான் ஸ்பேர். டட்சன் எஞ்சினை ஆஸ்டினுக்குள் இறக்கியவர்கள் உண்டு. அதையெல்லாம் எந்தப் பதிவுப் புத்தகத்தில் ஏற்றுவது என்று கேட்க அப்போது யாருக்கும் நேரம் இல்லை. அப்பாவின் ஏ40 அப்படி ஓடிய வண்டி. நான் வேலை பழகியது அதில்தான்.

மனைவி சென்னைக்காரி. கல்யாணத்துக்குப் பிறகு நானும் இங்கே வந்து சேர்ந்தேன். மொழி ஒன்றுதான் என்றாலும் நாடு வேறு. வாடகைக்கு வீடு கேட்கும்போது ‘இலங்கை’ என்றதும் பேச்சு சுருங்கிவிடும். விசா, போலீஸ் பதிவு, லைசென்ஸ் என்று ஒவ்வொன்றுக்கும் வரிசையில் நின்றேன். அந்த நாட்களில் கேள்வி கேட்காமல் என்னைச் சேர்த்துக்கொண்ட இடம் புதுப்பேட்டை.

எழும்பூர் ஸ்டேஷனிலிருந்து நடந்தே போய்விடலாம். கதவு மட்டும் விற்கிற கடை, ஹெட்லைட் மட்டும் விற்கிற கடை, கியர்பாக்ஸைத் தெருவில் அடுக்கி வைத்திருக்கும் கடை. அங்கே ஒரு பட்டறையில் பாய் ஒருவர் கார்ப்பரேட்டரைப் பிரித்துக்கொண்டிருந்தார். நான் நின்று பார்த்தேன். “என்ன தம்பி, வேலை தெரியுமா?” என்றார். மண்ணெண்ணெய் கதையைச் சொன்னேன். கையில் இருந்த ஜெட் என்ற சின்னக் குழாயைக் கீழே வைத்துவிட்டு முழுவதும் கேட்டார். அப்புறம் டீ வந்தது. இன்றைக்கும் எனக்கு வழிகாட்டுபவர் அவர்தான்.

ஹெரால்டைக் கண்டுபிடித்துக் கொடுத்ததும் அவரே. ஸ்டாண்டர்டு ஹெரால்டு இந்த ஊர்க் கார். ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா என்ற கம்பெனி அதை 1961 முதல் சென்னையில் தயாரித்தது. பெருங்களத்தூர்ப் பக்கம்தான் தொழிற்சாலை இருந்தது. உருவத்தை வரைந்தவர் இத்தாலியின் ஜியோவானி மிக்கெலோட்டி. அப்போதைய பல கார்களில் உடலும் அடிச்சட்டமும் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்டிருக்கும். இதில் சேசிஸ் என்ற அடிச்சட்டம் தனி, மேலே உடல் துண்டு துண்டாகப் போல்ட் போட்டது. பானெட்டை முன்பக்கமாகச் சாய்த்தால் மட்கார்டோடு சேர்ந்து எழும், முன்சக்கரம் வரை எல்லாம் கண்ணுக்கு முன்னால் இருக்கும். வண்டி வேலை பழக இதைவிட நல்ல கார் எனக்குத் தெரியாது.

நாங்கள் வாங்கிய வண்டி எம்எஸ் என்று தொடங்கும் பழைய எண் உடையது. பதிவு மனைவியின் பெயரில். யாரோ கடும் சிவப்பு அடித்திருந்தார்கள், ஆர்சி புத்தகத்திலோ ஐவரி என்று இருந்தது. டேஷ்போர்டைக் கழற்றியபோது அதன் பின்புறத் தகட்டில், விரல் அகலத்துக்கு, வெயிலே படாத அந்த ஐவரி அப்படியே இருந்தது. பெயிண்டர் அதைப் பார்த்துத்தான் நிறம் கலந்தார். டிங்கரிங் வேலைதான் நீண்டது. சேசிஸின் பக்கக் கைகள் துருவில் உதிர்ந்திருந்தன. அவற்றின் மேல் முன்பு யாரோ ஓட்டையை மறைக்கும் பட்டிப் பசையை அப்பி பெயிண்ட் அடித்திருந்தார்கள். பட்டியை உளி வைத்துத் தட்டி எடுத்து, புதுத் தகடு வெட்டி, கேஸ் வெல்டிங் வைத்தோம். காயலான் கடையில் எடைக்கு வாங்கிய கதவு ஒன்றிலிருந்து கீல் மட்டும் கழற்றிப் போட்டோம்.

சில மாற்றங்களும் செய்தேன். பழைய டயனமோ எஞ்சின் மெதுவாக ஓடும்போது சார்ஜ் தராது. அண்ணா சாலை சிக்னல்களில் விளக்கும் வைப்பரும் போட்டால் பேட்டரி இறங்கிவிடும். அதனால் மெதுவாக ஓடினாலும் சார்ஜ் தரும் ஆல்டர்னேட்டர் போட்டோம். ரேடியேட்டருக்கு மின்விசிறி, எஞ்சினுக்குத் தீப்பொறியைப் பகிரும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் எலெக்ட்ரானிக் இக்னிஷன். உடலில் ஓட்டை போடவில்லை. கழற்றிய டயனமோ ஒரு பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. நாளைக்கு வேறு யாராவது பழையபடி ஆக்க நினைத்தால் ஒரு பகலில் ஆக்கிவிடலாம். மாற்றம் எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கட்டும், திரும்பிப் போகும் வழியை அடைக்கக்கூடாது என்பதில் நான் பிடிவாதமானவன்.

எஞ்சினை மாற்றுவது வேறு விஷயம். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 இதைத்தான் பேசுகிறது. உற்பத்தியாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் உறுதியாகச் சொன்னது. எஞ்சின் மாற்றினால் ஆர்டிஓ அனுமதியும் பதிவும் வேண்டும், நிறம் மாறினாலும் ஆர்சியில் ஏறவேண்டும். யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எனக்கு இது முதலில் கெடுபிடியாகத்தான் பட்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்த பிறகு அப்படித் தோன்றவில்லை.

வேளச்சேரியில் ஒரு நண்பரின் பிரீமியர் பத்மினி கார் தண்ணீரில் மூழ்கியது. ஃபுல் இன்சூரன்ஸ் கட்டியிருந்தார். இன்சூரன்ஸ் சர்வேயர் வந்து எஞ்சின் எண்ணைப் பார்த்தார், ஆர்சியைப் பார்த்தார். இரண்டும் ஒட்டவில்லை. முந்தைய ஓனர் டீசல் எஞ்சின் இறக்கிவிட்டு எங்கேயும் பதியவில்லை. பாலிசியில் எழுதப்பட்ட வண்டியும் தண்ணீரில் நின்ற வண்டியும் ஒன்றல்ல என்று கிளெய்மைத் தள்ளிவிட்டார்கள். அந்த மனிதர் கேரேஜ் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். அதைப் பார்த்த பிறகுதான் இன்சூரன்ஸ் தாளை வரிவரியாகப் படிக்க ஆரம்பித்தேன்.

பிறருக்கு ஏற்படும் சேதத்துக்கான தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் சட்டப்படி கட்டாயம். ஹெரால்டு 948 சிசி என்பதால், 2022 ஜூனில் அறிவித்த விகிதப்படி ஆண்டுக்கு 2,094 ரூபாய், வரி தனி. ஆனால் வெள்ளமோ மரம் விழுவதோ திருட்டோ அதில் அடங்காது. அதற்குச் சொந்தச் சேதப் பாதுகாப்பு வேண்டும், பழைய வண்டிக்கு அதைத் தரப் பல கம்பெனிகள் தயங்குகின்றன. தருகிறவர்களிடம் வண்டியின் மதிப்பைப் பேசித்தான் முடிவுசெய்ய வேண்டும். ஐந்து ஆண்டு தாண்டிய வண்டிக்கு ஐடிவி, அதாவது பாலிசியில் எழுதும் வண்டி மதிப்பு, இரு தரப்பும் ஒத்துக்கொள்ளும் தொகைதான். சும்மா இருந்தால் காயலான் விலையைப் போட்டுவிடுவார்கள். நான் உரிமம் பெற்ற சர்வேயரிடம் மதிப்பீட்டு அறிக்கை வாங்கினேன். வேலையின் ஒவ்வொரு கட்டத்துக்கும் படம், பில், செய்த மாற்றங்களின் பட்டியல் எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்தேன். ஆல்டர்னேட்டரையும் விடவில்லை. முழு மதிப்புக்குப் போட்டாலும் ரப்பர், டயர், பேட்டரி மாற்றினால் பாதிதான் வரும் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

2021இல் வந்த விதிப்படி 50 ஆண்டு கடந்த வண்டியை விண்டேஜ் என்று தனியாகப் பதியலாம். எண்ணில் ‘விஏ’ சேரும், தேர்ட் பார்ட்டி பிரீமியம் காருக்குப் பாதி. ஆனால் அன்றாடம் ஓட்டக்கூடாது. கண்காட்சி, பேரணி, பராமரிப்பு போன்றவற்றுக்குத்தான். எனக்கு அது ஒத்துவராது. ஞாயிறு காலையில் மாமியாரை மயிலாப்பூர் கோயிலுக்குக் கூட்டிப்போக வேண்டுமே. ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை சாதாரணப் பதிவையே புதுப்பிக்கிறோம். 2022 ஏப்ரலில் அந்தக் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது, பிறகும் ஏறியிருக்கிறது. பசுமை வரி வேறு. கட்டுவதில் எனக்கு வருத்தம் இல்லை.

ஹெரால்டுக்குப் பிறகு வாங்கிய ஒரு அம்பாசடரை, வேலை முடித்து, கோயம்புத்தூர்க்காரர் ஒருவருக்கு விற்றேன். விற்கும்போதுதான் ஆட்கள் அவசரப்படுகிறார்கள். “ஃபார்ம் 29, 30ல கையெழுத்து மட்டும் போட்டுக் குடுங்க சார், பேரை அப்புறம் மாத்திக்கலாம்” என்பார்கள். நான் அதற்குச் சம்மதிப்பதே இல்லை. ஆர்டிஓ பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வண்டி கைமாறிப் பல காலம் ஆகியிருந்தாலும் அப்படித்தான். பெயர் மாறும்வரை சாவி என்னிடம் இருந்தது. பாலிசியை மாற்ற 14 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்று அவருக்கு எழுதியே கொடுத்தேன். கழற்றிய பாகங்களின் பெட்டியும் படங்களின் கோப்பும் வண்டியோடு போயின. செலவைக் கழித்தால் லாபம் கொஞ்சம்தான், என் உழைப்புக்கு அதில் கூலி சேர்க்கவில்லை.

இப்போது பட்டறையில் நிற்பது ஒரு கெஜல், ஹெரால்டுக்குப் பின் 1972இல் அதே கம்பெனி கொண்டுவந்த கார். இதிலும் யாரோ டீசல் எஞ்சின் இறக்கியிருக்கிறார்கள். ஆர்சியில் அது இல்லை. பழைய பெட்ரோல் எஞ்சினையே திரும்பப் போடுவது என்று பாயும் நானும் முடிவு செய்திருக்கிறோம். மதுரையில் ஒருவரிடம் ஒன்று இருக்கிறது. எண் தெளிவாக இருக்கிறதா என்று, மேலே தாள் வைத்துப் பென்சில் தேய்த்த பிரதி அனுப்பச் சொல்லியிருக்கிறேன். பில்லும் தருவதாக இருந்தால் அடுத்த வாரம் ரயிலேறுவோம். பில் இல்லை என்றால் வேறு எஞ்சின் தேடுவோம்.