அடித்த பிறகு சுத்தியலுக்கு என்ன ஆகிறது

சுத்தியல் கேட்டு வருகிறவர்கள் முதலில் எடையைத்தான் சொல்வார்கள். அரைக் கிலோ, ஒரு கிலோ, பெரிய வேலையென்றால் சம்மட்டி. கோவையில் கைக்கருவி வடிவமைக்கும் வேலையில் இருக்கும் எனக்கு அது கடைசிக் கேள்வி. எதை அடிக்கப் போகிறீர்கள், அடித்த வேகம் எங்கே போய்ச் சேர வேண்டும், எங்கே போகவே கூடாது என்பது தெரியாமல் பேப்பரில் ஒரு கோடு போட முடியாது.

உலோகத்தைச் செதுக்கும் மில்லிங் மெஷினில் ஜாப்பை, அதாவது செதுக்க வேண்டிய துண்டை, இறுக்கிப் பிடிக்கும் வைஸையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜாப்புக்கு அடியில் இரண்டு பேரலல் (ஒரே உயரமுள்ள இரும்புப் பட்டைகள்) வைத்து இறுக்கும்போது நகரும் தாடை ஜாப்பைக் கொஞ்சம் மேலே தூக்கிவிடும், அதனால்தான் மேலே ஒரு தட்டு. தட்டிவிட்டு பேரலலை விரலால் நெட்டிப் பார்ப்பார்கள், அசைந்தால் ஜாப் இன்னும் உட்காரவில்லை என்று அர்த்தம். ஒரு ஆபரேட்டர் என்னிடம் சொன்னார்: “அடி நல்லாத்தான் விழுதுங்க, ஆனா சுத்தியல் துள்றப்ப ஜாப்பும் கூடவே துள்ளுதுங்க.” பிரச்சினையை அதைவிடச் சரியாக யாரும் சொல்ல முடியாது.

அதற்குத்தான் டெட் ப்ளோ சுத்தியல். தலைக்குள் காலியான ஒரு குழி, அதில் பொடி இரும்புக் குண்டுகள், வெளியே பாலியூரித்தேன் என்ற ரப்பர் போன்ற பிளாஸ்டிக். தலை ஜாப்பில் பட்டு மேலே எழும்பப் போகிற அந்த நொடியில், பின்தங்கி வந்த குண்டுகள் முன்சுவரில் மோதித் தலையைக் கீழேயே பிடித்துவைக்கின்றன. துள்ளல் செத்துப்போகிறது, அடி இன்னும் கொஞ்சம் நேரம் நின்று அழுத்துகிறது. குண்டுகளை வாய்வரை அடைத்தால் நகர இடமில்லாமல் அது வெறும் கட்டிதான். ரொம்பக் காலியாக விட்டாலோ ஓங்கும்போதே உள்ளே அலைந்து கைக்குத் தொந்தரவு. இந்த இடைவெளியைச் சரிபார்ப்பதில்தான் எங்கள் நேரம் நிறையப் போகும், எனக்குப் பிடித்த வேலையும் அதுதான்.

அப்புறம் பிடி. நாள் முழுக்க அடிக்கிறவருடைய மணிக்கட்டு வலிக்குத் தலையைக் குறை சொல்வார்கள், பல நேரம் குற்றவாளி பிடிதான். சுத்தியலில் ஒரு புள்ளி உண்டு, அடி அங்கே விழுந்தால் பிடித்திருக்கும் கைக்கு உதறல் வராது. அதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். கை பிடிக்கிற இடத்தில் ஒரு ஊசியைக் கொடுத்துத் தொங்கவிட்டு மெல்ல ஆட்டினால் போதும். ஒரு முறை போய்த் திரும்ப 1 விநாடி ஆனால் அந்தப் புள்ளி ஊசியிலிருந்து சுமார் 25 செ.மீ. கீழே இருக்கும். பிடி கனமாக ஆக ஆக அது தலையை விட்டுக் கையை நோக்கி ஏறிவிடும். சின்னத் தலைக்குக் கெட்டியான இரும்புக் கம்பியைப் பிடியாகப் போட்டால் ஒவ்வொரு அடியும் விரலில் வந்து இடிப்பது இதனால்தான். கருவேல மரப்பிடியைக் காலங்காலமாக விடாமல் வைத்திருக்கிறவர்கள் மேல் எனக்குத் தனி மரியாதை.

இரும்புத் தலைக்கு அடிக்கும் முகத்தில் மட்டும் கடினம் ஏற்றி, பிடி நுழையும் கண்ணைச் சுற்றி மென்மையாகவே விட வேண்டும், அங்கேயும் கடினமானால் வெடித்துவிடும். கடினமான இரண்டு முகங்களை ஒன்றோடொன்று அடித்தால் சில்லு தெறித்துக் கண்ணைக் குத்தும், அதைத் தலையிலேயே பொறித்து விற்க வேண்டும் என்பது என் பிடிவாதம்.

எரிவாயு இருக்கும் இடங்களுக்கான பொறி பறக்காத சுத்தியல் வேறு உலகம். அங்கே அலுமினியம் பிரான்ஸ் (செம்பில் அலுமினியம் கலந்த உலோகம்) அல்லது பெரிலியம் செம்பு (செம்பில் பெரிலியம் கலந்தது). பெரிலியத்தின் தூள் நுரையீரலைக் கெடுக்கும். மென்மையான முகமோ அடிபட்டு ஓரம் பிதுங்கும், பிதுங்கியதைத் தேய்த்துத்தான் ஆக வேண்டும், தேய்த்தால் தூள் வரும். ஆகவே நான் அலுமினியம் பிரான்ஸையே சொல்வேன், சீக்கிரம் தேய்கிறதே என்று திட்டினாலும் சரி. ஆனால் அசிட்டிலீன் இருக்கும் இடமென்றால் இரண்டுமே கூடாது, ஏனென்றால் செம்போடு சேர்ந்து அது வெடிக்கும் பொருளாகிவிடும். அதனால் என்ன வாயு என்று கேட்காமல் இந்தச் சுத்தியலை அனுப்ப மாட்டேன். முகத்தில் இரும்புத்தூள் பதிந்திருந்தால் அதுவே பொறி கிளப்பலாம், தினமும் துடைத்து வையுங்கள் என்று வாங்குகிறவரிடம் போனிலும் ஒருமுறை சொல்லிவிடுவேன்.