முதலில் பணம் கேட்கும் வேலை

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்து ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் பல ஆண்டுகள் சம்பளக் கணக்கு எழுதினேன். இந்திய வம்சாவளியினர் வாழும் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பகுதிகளிலிருந்து விடியற்காலைப் பேருந்தில் வந்து தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்த நம் பெண்களின் உழைப்பில்தான் அந்த ஆலை ஓடியது. 1994க்குப் பிறகு இறக்குமதி வரி குறைந்து, மலிவான சீனத் துணிகள் வந்து குவிந்தபோது, ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. ஆட்குறைப்புப் பணத்தோடு வீடு திரும்பிய இந்தப் பெண்களைத் தேடித்தான் "வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம்" என்ற அழைப்புகள் வந்தன. கையில் சிறிது பணமும் மனத்தில் பெரிய கவலையும் சேர்ந்திருக்கும் வேளை எது என்பது ஏமாற்றுபவர்களுக்கு நன்றாகத் தெரியும். பின்னாளில் கோயில் மண்டபத்து ஆலோசனை மேசையில் அமர்ந்து, மக்கள் கொண்டுவரும் தாள்களைப் படித்துச் சொல்லும் பொறுப்பை ஏற்றபோது, அந்தப் பழைய முகங்கள் பலவற்றை மறுபடியும் சந்தித்தேன்.

யார் என்ன தாளைக் கொண்டுவந்தாலும் நான் கேட்பது ஒன்றுதான்: பணம் எங்கிருந்து எங்கே போகிறது? உண்மையான வேலையில் முதலாளியிடமிருந்து உழைப்பவருக்கு வரும். பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், காவல்துறைச் சான்றிதழுக்கான செலவு என்று எந்தப் பெயரில் கேட்டாலும், வேலை தேடுபவரின் பையிலிருந்து பணம் முதலில் வெளியேறினால் அங்கேயே நிறுத்திக்கொள்ள வேண்டும். வேலை தேடித் தருவதற்காக வேலை தேடுபவரிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்று தென்னாப்பிரிக்காவின் 2014ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சேவைகள் சட்டத்தின் 15ஆம் பிரிவு தெளிவாகவே தடுக்கிறது. இது தெரியாததால் மாத வாடகையை எடுத்துக் கட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கடை இல்லாமல் ஆட்களைத் தேடிப் போய் விற்கும் நேரடி விற்பனையில் இந்த வேறுபாட்டைக் கண்டுபிடிப்பது இன்னும் கடினம், ஏனெனில் அங்கே உண்மையிலேயே ஒரு பொருள் இருக்கும். எங்கள் ஆலையில் காலர் தைத்த ஒரு பெண் ஊதா நிற அட்டைப்பெட்டி ஒன்றையும் ஒரு கோடிட்ட நோட்டுப் புத்தகத்தையும் மேசைமேல் வைத்தாள். பெட்டியில் முகப்பூச்சுக் குப்பிகள் இருந்தன. தொடக்கப் பெட்டிக்கு 1,850 ராண்ட் கட்டியிருந்தாள். அதற்குப் பிறகு "ஆக்டிவ்" ஆக, அதாவது திட்டத்தில் நீடிக்கும் விற்பனையாளராக, இருக்க வேண்டுமானால் மாதந்தோறும் 1,200 ராண்டுக்குச் சரக்கு எடுத்தே ஆக வேண்டும். அத்தனையையும் விற்றாலும் கைக்கு வரும் லாபம் 300 ராண்ட், அதிலும் டாக்ஸிக்கும் டேட்டாவுக்கும் போனது போக மீதி. நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினேன். முதல் மாத விற்பனைப் பட்டியலில் தங்கை, நாத்தனார், பக்கத்து வீட்டு ஆயா. இரண்டாம் மாதத்திலும் அதே பெயர்கள். மூன்றாம் மாதத்தில் அவள் பெயரையே மூன்று முறை எழுதியிருந்தாள். "போனஸ் வந்ததே அக்கா" என்று அவள் காட்டிய 240 ராண்ட், நாத்தனார் கட்டிய தொடக்கப் பணத்திலிருந்து பிரித்துக் கொடுக்கப்பட்டது.

ஒருவர் ஆறு பேரைச் சேர்க்க வேண்டும் என்பது அந்தத் திட்டம். ஆறு 36 ஆகி, 36 என்பது 216 ஆகி வளர்ந்தால், பத்தாவது படிக்கு மட்டும் 6 கோடிக்கும் அதிகமான ஆட்கள் வேண்டும். 2022 கணக்கெடுப்பின்படி நாட்டின் மொத்த மக்கள்தொகையே சுமார் 6.2 கோடிதான். கைக்குழந்தைகளையும் சேர்த்துக்கொண்டாலும் கடைசியில் சேர்ந்தவர்களுக்குக் கீழே ஆளே இருக்க மாட்டார்கள். கூட்ட மேடையில் காரையும் கடற்கரை விடுதியையும் காட்டுபவர்கள் இந்தக் கணக்கை மட்டும் ஒருபோதும் பலகையில் எழுதுவதில்லை.

2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 43ஆம் பிரிவு, பொருள் விற்பதைவிட ஆள் சேர்ப்பதிலிருந்தே முக்கியமாக வருமானம் வரும் பிரமிட் திட்டங்களைத் தடை செய்கிறது. மத்திய வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் ரெப்போ வட்டியைவிட ஆண்டுக்கு 20 விழுக்காடோ அதற்கு மேலோ கூடுதல் வருமானம் தருவதாகச் சொல்லும் திட்டங்களும் அதே தடைக்குள் வருகின்றன. ஸ்டெல்லன்போஷிலிருந்து இயங்கிய மிரர் டிரேடிங் இன்டர்நேஷனல் என்ற நிறுவனம் பிட்காயின் என்னும் மின்னணு நாணயத்தில் மாதத்துக்கே 10 விழுக்காடு கிடைக்கும் என்றது, ஆள் சேர்ப்பவருக்குத் தரகும் தந்தது. நிதி நிறுவனங்களைக் கண்காணிக்கும் நிதித்துறை நடத்தை ஆணையம் 2020 ஆகஸ்டிலேயே எச்சரித்தும் பலர் விலகவில்லை, 2021இல் நீதிமன்றம் அதைக் கலைக்க உத்தரவிட்டது.

நேர்மையான நேரடி விற்பனையும் உண்டு, அதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. டப்பர்வேர் டப்பாக்களை விற்றுப் பிள்ளைகளைப் படிக்க வைத்த தாய்மார்கள் நம் தெருக்களிலேயே இருக்கிறார்கள். அவர்களிடம் வாங்கியவர்கள் டப்பா வேண்டும் என்றுதான் வாங்கினார்கள், சங்கிலியில் சேர்வதற்காக வாங்கவில்லை. உலக நேரடி விற்பனைச் சங்கங்களின் ஒழுங்குவிதி, விலகும் விற்பனையாளர் கடந்த 12 மாதங்களில் வாங்கி விற்காமல் வைத்திருக்கும் நல்ல சரக்கை, அதிகபட்சம் 10 விழுக்காடு மட்டும் கழித்துக்கொண்டு திரும்ப எடுக்கச் சொல்கிறது. ஆகவே சேரும் முன்பே, "விற்காவிட்டால் திரும்ப எடுப்பீர்களா, எழுதித் தருவீர்களா?" என்று கேட்கும்படி சொல்கிறேன். பதிலுக்கு நம் லட்சியத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால், எழுந்து வந்துவிடலாம்.

நிறுவனப் பதிவு எண்ணைக் காட்டினால் பலர் அடங்கிவிடுகிறார்கள். ஒரு நிறுவனத்தைப் பதிவு செய்வது எளிது, அதன் தொழில் நேர்மையானது என்பதற்கு அந்த எண் சாட்சி ஆகாது. முதலீடு என்று சொன்னால் நிதித்துறை நடத்தை ஆணையத்தின் உரிம எண்ணைக் கேட்டு, ஆணையத்தின் தளத்தில் இலவசமாகவே சரிபார்க்கலாம்.

இப்போது வாட்ஸ்அப்பில் வரும் வேலைகள் வேறு வகை. ஓட்டல்களுக்கு நல்ல மதிப்புரை எழுதச் சொல்லி முதலில் 50 ராண்ட் அனுப்புவார்கள். நம்பிக்கை வந்ததும், அடுத்த வேலையைத் திறக்க 500 கட்டு, அதை எடுக்க 2,000 கட்டு என்று போகும். இன்னும் ஆபத்தானது, "உங்கள் கணக்குக்குப் பணம் வரும், கமிஷன் எடுத்துக்கொண்டு மீதியை அனுப்புங்கள்" என்பது. அது திருட்டுப் பணமாக இருந்தால் விசாரணையில் மாட்டுவது கணக்குக்கு உரியவர்தான். வேலையில்லாப் பட்டதாரிப் பிள்ளைகள் இதில் சிக்கும்போது எனக்குத் தூக்கம் வருவதில்லை.

இவையெல்லாம் பெரும்பாலும் அத்தை மகள், கோயில் கமிட்டி அண்ணன், பழைய ஆலைத்தோழி வழியாக வருகின்றன என்பதால்தான் கேள்வி கேட்க நா எழுவதில்லை. "உங்களை நம்புகிறேன் அண்ணா, ஆனால் ஒப்பந்தத் தாளை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படிக்க வேண்டும்" என்று சொன்னால் உறவு கெடுவதில்லை. இன்றிரவே கட்ட வேண்டும் என்று அவசரப்படுத்தும் திட்டம் அந்த வாக்கியத்தைத் தாங்காது.

கட்டிவிட்டவர்களுக்கும் வழி இருக்கிறது. தேடி வந்து விற்ற பொருளை, கைக்கு வந்து 5 வேலை நாட்களுக்குள் எழுத்து மூலம் ரத்து செய்யலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. மோசடி என்று தெரிந்தால் அன்றே வங்கியின் மோசடிப் பிரிவை அழைத்து, காவல் நிலையத்தில் புகார் எண் வாங்க வேண்டும். அடையாள அட்டையின் நகலைக் கொடுத்திருந்தால், தென்னாப்பிரிக்க மோசடித் தடுப்புச் சேவையில் கட்டணமின்றிப் பாதுகாப்புப் பதிவு செய்துகொள்ளலாம். சில வாரங்களில், இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம், அதற்கொரு கட்டணம் என்று இன்னோர் அழைப்பு வரக்கூடும். அந்த எண்ணையும் அதே புகாரில் சேர்த்து எழுதச் சொல்கிறேன்.