புல் ஈரமா இருக்கு சார்

"புல் ஈரமா இருக்கு சார்." கிளம்பத் தயாராக நின்ற விமானியிடம் இவ்வளவுதான் சொன்னேன். "நேத்து சாயங்காலம் இறங்கும்போது பாதி ரன்வேகூடத் தேவைப்படலையே" என்று சிரித்தார் அவர். நானும் சிரித்துவிட்டு நகர்ந்துவிட்டேன். மறுபடி மறுபடி நான் போய் நிற்பது அந்த இடத்தில்தான்.

இறங்கப் போதுமான ரன்வே ஏறப் போதாமல் போகலாம். இதை நான் விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ள வரும் மாணவர்களுக்கு ஆரம்பத்திலேயே சொல்லிவிடுவேன். அதோடு நேற்றுப் புல் காய்ந்திருந்தது, ராத்திரி மழை. இரண்டையும் அவரிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் நரைத்த தலை, என்னைவிட அதிக மணி நேரம் பறந்தவராகத்தான் இருப்பார், பக்கத்தில் வேறு அவருடைய பயணிகள் இரண்டு பேர் பைகளோடு நிற்கிறார்கள். அவர்கள் முன்னால் பாடம் எடுப்பதா?

ஆளில்லாத ஓடுதளம் இப்படித்தான். கட்டுப்பாட்டு டவர் கிடையாது, வேண்டாம் என்று சொல்ல ஒருவரும் கிடையாது. காற்றின் திசையைக் காட்டும் துணிக்குழாயான விண்ட்சாக்கைப் பார்த்து நீங்களே திசையை முடிவு செய்து, யாராவது கேட்கட்டும் என்று ரேடியோவில் சொல்லிவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். விமானம் சம்பந்தப்பட்ட இறுதி முடிவு அதன் தலைமை விமானியுடையது என்று சர்வதேச விதியே சொல்கிறது. சரி, அந்த விதிக்குப் பின்னால் நான் வசதியாக ஒளிந்துகொண்டேன் என்றும் வைத்துக்கொள்ளலாம்.

அதற்காக நான் கணக்குப் போடாமல் இல்லை. அவருடையதும் எங்களுடைய மாதிரி விமானம்தான். முழு எடையில் ஓடிக் கிளம்பி 50 அடி உயரத்தைத் தாண்ட விமானக் கையேடு சொல்லும் தூரம் 440 மீட்டர். ஈரப்புல்லுக்கு 1.3, ரன்வே தரையின் இரண்டு சதவீத ஏற்றத்துக்கு 1.1 என்று பெருக்கினால் 629. ரன்வே 750 மீட்டர், ஆகவே இடம் இருக்கிறது. ஆனால் இதற்கு மேல் பாதுகாப்புக்காக 1.33 ஆல் பெருக்கச் சொல்வார்கள். பெருக்கினால் 837, இடம் இல்லை. கையேட்டு எண்கள் புது எஞ்சினை வைத்து, அதற்கென்றே பழகிய விமானி ஓட்டி எடுத்தவை என்பதால்தான் அந்தக் கடைசிப் பெருக்கலே. முதல் விடையைப் பார்த்தால் அவரைத் தடுக்க எனக்கு என்ன உரிமை என்று தோன்றும். இரண்டாவதைப் பார்த்தால் வாயை மூடிக்கொண்டு நின்றது தப்பு என்று தோன்றும். எந்த விடையை எடுத்துக்கொள்கிறேன் என்பது அன்றன்றைய மனநிலையைப் பொறுத்திருக்கிறது, அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

அவர் கிளம்பினார். எஞ்சின் சத்தத்துக்கும் ஓடும் வேகத்துக்கும் சம்பந்தமே இல்லாமல் விமானம் புல்லில் இழுபட்டுக்கொண்டு போனது. மூக்கு தூக்கியது, இறங்கியது, மறுபடி தூக்கியது. ரன்வே முடிவில் இருந்த வேலியைத் தாண்டிப் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் ரேடியோவில் ஓடுதளத்துக்கு நன்றியெல்லாம் சொன்னார்.

"நீங்க ஏன் சார் நிறுத்தச் சொல்லலை?" என்றாள் என் மாணவி.

"சொன்னேனே, புல் ஈரம்னு."

அவள் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் நாங்கள் புல் காயட்டும் என்று காத்திருந்தோம். நாங்கள் இரண்டே பேர், பைகூட இல்லை, அவரைவிட எவ்வளவோ இலகுவான விமானம். எங்களுக்கு மட்டும் அந்தக் கடைசிப் பெருக்கலையும் போட்டுப் பார்த்தேன் போலிருக்கிறது.

காத்திருந்த நேரத்தில் ரன்வேயில் நடந்தோம். ஈரப்புல்லில் அவருடைய சக்கரத் தடம் தெளிவாகத் தெரிந்தது. அது முடிந்த இடத்திலிருந்து வேலி வரைக்கும் மாணவி காலடியால் அளந்தாள், சுமார் நூறு மீட்டர். என் கணக்குப்படி அந்த இடத்துக்கு வருவதற்குள் அவர் 50 அடி உயரத்தைத் தாண்டியிருக்க வேண்டும். தடமோ அதுவரை தரையில்தான் இருந்தது.

"எதுல சார் தப்பு விட்டோம்?" என்றாள். டயரில் காற்று குறைவாக இருந்திருக்கலாம், தரை இளகியிருக்கலாம் என்று ஏதேதோ அடுக்கினேன்.