கட்டுப் பிரித்த கால்

மாவுக்கட்டைப் பிரித்து இன்றோடு 3 வாரம். உள்ளேயிருந்து வந்தது என் கால்தானா என்று அன்று ஒரு நிமிடம் சந்தேகமே வந்துவிட்டது. கெண்டைக்கால் சதை வற்றி, தோல் செதில் செதிலாக உரிந்து, அடுத்த காலுக்குத் தம்பி மாதிரி இருந்தது. 6 வாரம் அசைக்காமல் வைத்திருந்தால் அப்படித்தான் ஆகுமாம்.

கடைசிப் படி என்று நினைத்து இறங்கினேன், கீழே இன்னொரு படி இருந்தது. அவ்வளவுதான் கதை. சுளுக்கு என்றுதான் நினைத்தேன். நாலு அடி வைக்க முடியவில்லை என்றதும் டாக்டர் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லிவிட்டார். கணுக்காலின் வெளிப்பக்கம் உருண்டையாகத் துருத்திக்கொண்டு நிற்கிறதே, அது தனி எலும்பு இல்லை. முழங்காலுக்குக் கீழிருந்து ஓடிவரும் மெல்லிய எலும்பின் நுனி. விரிசல் அங்கே. எலும்பு விலகாததால் ஆபரேஷன் இல்லாமல் தப்பித்தேன்.

எலும்பு ஒட்டினால் கால் சரியாகிவிடும் என்று நம்பியிருந்தேன். எங்கே! காலையில் முதல் அடி வைக்கும்போது மூட்டு துருப்பிடித்த கீல் மாதிரி முரண்டு பிடிக்கிறது. சாயங்காலமானால் வீக்கம், காலுறையின் விளிம்பு பள்ளமாகப் பதிகிறது. இது சில மாதங்கள் வந்து போகுமாம். இரண்டு தலையணை அடுக்கி, காலை நெஞ்சு மட்டத்துக்கு மேலே தூக்கி வைத்துப் படுத்தால் வடிகிறது.

அப்புறம் பிசியோதெரபிஸ்ட் சொன்ன ஒற்றைக்கால் தவம். அடிபட்ட மூட்டு சமநிலையையும் மறந்துவிடுகிறதாம். பல் தேய்க்கும்போது, ஒரு கையைச் சுவரில் வைத்துக்கொண்டு நிற்கிறேன். நேற்று கையை எடுத்துவிட்டு 7 நொடி!

படியை மட்டும் இன்னும் எண்ணித்தான் இறங்குகிறேன்.