கொடியைப் பார்த்துத்தான் இறக்குவார்கள்

1980களின் தொடக்கத்தில் சிங்கப்பூரில் ஒரு கப்பல் ஏஜென்சியில் குமாஸ்தாவாக இருந்தேன். தென்சீனக் கடலில் வியட்நாம் அகதிகளைக் காப்பாற்றிக் கொண்டுவரும் சரக்குக் கப்பல்களின் காகித வேலை என் மேசைக்குத்தான் வரும்.

90 நாளுக்குள் இவர்களை அழைத்துக்கொள்கிறோம் என்று ஏதாவது ஒரு நாடு எழுதிக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒருவரும் இறங்க முடியாது என்பது சிங்கப்பூரின் விதி. கப்பல் எந்த நாட்டுக் கொடியோ அந்தத் தூதரகத்தில் முதலில் கேட்போம். மேற்கு ஜெர்மனிக் கொடி என்றால் பரவாயில்லை. பனாமாக் கொடி என்றால்? முதலாளி கிரேக்கர், மாலுமிகள் பிலிப்பினோக்கள், பதிவு மட்டும் பனாமா. அங்கே போய் அகதிகளை ஏற்றுக்கொள் என்று யாரிடம் கேட்பது?

அதற்காகத்தான் 1979இல் ‘டிசெரோ’ ஏற்பாடு வந்தது. இப்படிப்பட்ட கொடிக் கப்பல்கள் மீட்டவர்களுக்கு அமெரிக்கா உள்ளிட்ட எட்டு நாடுகள் கூட்டாகப் பொறுப்பேற்றன. ஐ.நா. அகதிகள் ஆணையம் வழியாக உறுதி வரும். ஆனால் பட்டியல் சரியாக இருக்க வேண்டும்.

ஒரு பனாமாக் கப்பலின் கேப்டன் டெலக்ஸில் (அந்தக் காலத்துத் தட்டச்சுத் தந்தி) தலை எண்ணிக்கையை மட்டும் அனுப்பியிருந்தார். கிளிஃபர்ட் பியர் படகுத்துறையிலிருந்து லாஞ்ச் என்னும் சிறு மோட்டார் படகு பிடித்துப் போனேன். சரக்கறை மூடிமேல் தார்ப்பாய் கட்டி எல்லோரையும் உட்கார வைத்திருந்தார்கள். ஒரு சிறுவன் யாரோ மாலுமியின் பாய்லர் சூட்டை, அதாவது உடம்பு முழுவதையும் மூடும் வேலை உடுப்பை, கையும் காலும் மடித்துப் போட்டிருந்தான். ஆங்கிலம் தெரிந்த ஒரு பெரியவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பெயர், பிறந்த தேதி, வெளிநாட்டு உறவினர் என்று எழுதினோம். பாதிப் பேருக்கு நுயென் என்பதே குடும்பப் பெயர். பிறந்த தேதி இல்லாமல் யார் யாரென்றே சொல்ல முடியாது. அமெரிக்காவில் அண்ணன் இருக்கிறார் என்பது போன்ற ஒரு வரி, யார் எந்த நாட்டுக்குப் போவது என்று பார்க்கும்போது ரொம்ப உதவும்.

உறுதிக்காகக் காத்திருந்த நாளெல்லாம் கப்பல் முதலாளியிடமிருந்து காலை தவறாமல் டெலக்ஸ் வரும்: இன்னும் எத்தனை நாள்? அவர் கோபத்திலும் நியாயம் இருந்தது. கடலில் தத்தளித்தவர்களைத் தூக்கிய கப்பலுக்கே தண்டனை என்றால், அடுத்த கேப்டன் படகைக் கண்டும் காணாததுபோல் போவார். போனார்கள் என்று மாலுமிகளே சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

உறுதிக் கடிதம் வந்ததும் குடிநுழைவு அதிகாரிகள் பட்டியலைச் சரிபார்த்து இறக்கினார்கள். செம்பவாங் ஹாக்கின்ஸ் ரோடு முகாமுக்கு அனுப்பி வைத்தோம். அப்புறம் கணக்கு வேலை. அகதிகளின் சாப்பாட்டுச் செலவை ஐ.நா. தந்தது, கப்பல் சும்மா நின்ற நாட்களின் நஷ்டம் முதலாளி தலையில்.