‘சிஸ்டர், ஒரு நிமிஷம் பாருங்க’: ரத்தப்போக்குக்கு ஒரு டூலா தயாரான கதை

கோவையில் ஏழு வருடமாக டூலாவாக இருக்கிறேன். வலி தொடங்கியதிலிருந்து குழந்தை பால் குடிக்கும்வரை தாயின் பக்கத்திலேயே இருந்து, முதுகு நீவிவிட்டு, மூச்சு விடச் சொல்லிக்கொடுத்து, பயத்தைக் குறைப்பது என் வேலை. ஊசி போடுவதோ உள்ளே சோதித்துப் பார்ப்பதோ மருந்து சொல்வதோ என் வேலை இல்லை. அதனாலேயே, ரத்தப்போக்கு என்பது டாக்டரும் நர்ஸும் பார்த்துக்கொள்ளும் விஷயம், நமக்கு அதில் என்ன இருக்கிறது என்று முதல் இரண்டு வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது வருடம், ஒரு தனியார் மருத்துவமனையில் ஒரு பிரசவம். பதினான்கு மணி நேர வலிக்குப் பிறகு சுகப்பிரசவம், மூன்று கிலோ இருநூறில் பெண் குழந்தை. நஞ்சும், அதாவது நஞ்சுக்கொடியும், வந்துவிட்டது. போர்வையைப் போர்த்திவிட்டு சிஸ்டர் குழந்தைக்கு எடை பார்க்கப் போனார். அந்தப் பெண் கொட்டாவிமேல் கொட்டாவி விட்டாள். “அக்கா, ரொம்ப தாகமா இருக்கு. ஒரு மாதிரியா வருது” என்றாள். ராத்திரி முழுக்கத் தூங்காத அசதி என்று நினைத்து, நெற்றியைத் துடைத்துவிட்டு, “கண்ண மூடிக்கோ கண்ணு” என்றேன். நெற்றி ஜில்லென்று இருந்தது. ஏசியால்தான் என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து சிஸ்டர் வந்து போர்வையைத் தூக்கினார். இடுப்புக்குக் கீழே தொடங்கி முதுகுவரை ரத்தம் தேங்கி நின்றது.

அடுத்த ஐந்து நிமிடத்தில் அறையில் எட்டுப் பேர். நான் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றேன். அவள் என் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்ததும் எனக்குத் தெரியும். போய் நிற்க எனக்குக் கால் வரவில்லை. பிழைத்துவிட்டாள். இரண்டு யூனிட் ரத்தம் ஏற்றி, ஐந்தாம் நாள் வீட்டுக்குப் போனாள். ஆனால் அந்தத் தாகத்தை அவள் முதலில் என்னிடம்தான் சொன்னாள். நான் அதை யாரிடமும் சொல்லவில்லை. பல மாதம் என்னைத் தூங்கவிடாத விஷயம் அதுதான்.

எனக்குத் தெரிந்த நர்ஸம்மா ஒருவர் அரசு மருத்துவமனை லேபர் வார்டில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரிடம் போய் அழுதேன். அவர் திட்டவும் இல்லை, தேற்றவும் இல்லை. “ஒரு பழைய பெட்ஷீட்டு, ஒரு பாக்கெட் பேடு, ரோஸ் மில்க் சிரப்பு ரெண்டு பாட்டில் வாங்கிட்டு ஞாயித்துக்கிழமை வா” என்றார்.

அவர் வீட்டு மொட்டைமாடியில்தான் வகுப்பு. சிரப்பைத் தண்ணீரில் கரைத்து, அளவுக் குவளையில் எடுத்து, முதலில் ஒரு பேடில் ஊற்றச் சொன்னார். ஓரம்வரை ஊறித் தூக்கினால் சொட்டுகிற நிலைக்கு வர சுமார் 100 மில்லி பிடித்தது. அப்புறம் என்னைத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு பெட்ஷீட்டில் ஊற்றினார். “இது எவ்வளவு?” 200 மில்லி இருக்கும் என்றேன். 500. மறுபடி ஊற்றினார். 400 என்றேன். 800. வெயிலில் பெட்ஷீட் காய்ந்து பிசுபிசுக்க, எறும்பு வரிசையாக வர ஆரம்பித்தது. எட்டாவது தடவைதான் சொன்னது ஓரளவு பக்கத்தில் வந்தது. சில கணக்குகளை அன்று மனப்பாடம் செய்துகொண்டேன். கட்டில் விரிப்பு முழுக்கப் பரவியிருந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர். கட்டிலைத் தாண்டித் தரையில் வழிந்தால் இரண்டு லிட்டர் பக்கம். தரையில் ஒரு மீட்டர் அகலத்துக்குத் தேங்கினால் ஒன்றரை லிட்டர். குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் 500 மில்லி போனாலே அது அதிக ரத்தப்போக்கு என்பதுதான் நெடுங்காலமாக மருத்துவத்தில் இருக்கும் கணக்கு. நான் 200 என்று சொன்ன அந்த முதல் திட்டே அந்த அளவுதான்.

கண் இப்படி ஏமாற்றுவது எனக்கு மட்டும் நடப்பதில்லை. கர்நாடகத்தின் பெலகாவியில் நடந்த ஆய்வொன்றில், பிரசவம் பார்ப்பவர்கள் கண்ணால் பார்த்துச் சொன்ன அளவு, அளந்து பார்த்ததைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்தது. அங்கே பயன்படுத்தியது, இடுப்புக்கு அடியில் விரித்து ரத்தத்தை ஒரு புனல் போன்ற பைக்குள் இறக்கும், அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பு. அதே மாதிரி விரிப்பை வைத்து, ரத்தம் அளவு தாண்டியதும் எல்லாச் சிகிச்சையையும் ஒன்றாகத் தொடங்கும் முறையை கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா நாடுகளின் 80 மருத்துவமனைகளில் சோதித்தார்கள். ஒரு லிட்டருக்கு மேல் ரத்தம் போவது, அதற்காக வயிற்றைத் திறந்து அறுவை செய்வது, தாய் இறப்பது ஆகிய மூன்றும் சேர்ந்து 60 சதவீதம் குறைந்ததாக 2023இல் முடிவு வந்தது. இப்போது மருத்துவமனையை முன்கூட்டிப் பார்க்கப் போகும்போது அந்த விரிப்பு இருக்கிறதா என்று கேட்காமல் நான் வருவதில்லை.

ஏன் இவ்வளவு வேகமாகப் போகிறது என்பதையும் நர்ஸம்மாதான் புரியவைத்தார். நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்கு நிமிடத்துக்கு 500 முதல் 700 மில்லி ரத்தம் வருகிறது. நஞ்சு பிரிந்த இடத்தில் குழாய்கள் வாய் திறந்து கிடக்கும். கர்ப்பப்பைத் தசை இறுகி அந்தக் குழாய்களை நெரித்தால்தான் ரத்தம் நிற்கும். பத்தில் ஏழு ரத்தப்போக்கு அந்தத் தசை தளர்ந்து போவதால் வருகிறது. மற்றதெல்லாம் கிழிசல், உள்ளே தங்கிய நஞ்சுத் துண்டு, உறையாத ரத்தம். இறுகிய கர்ப்பப்பை தொப்புள் பக்கத்தில் கிரிக்கெட் பந்து மாதிரி இருக்கும். சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால் சரியாக இறுகாது. அதனால் குழந்தை பிறந்ததும் ‘யூரின் போனாங்களா’ என்று கேட்பதும், குழந்தையை உடனே மார்பில் போட உதவுவதும் என் பழக்கமாகிவிட்டது. பால் உறிஞ்சும்போது, கர்ப்பப்பையை இறுகவைக்கும் ஆக்ஸிடோசின் உடம்பிலேயே சுரக்கும்.

ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். குழந்தை பிறந்தவுடன் போடும் அந்த 10 யூனிட் ஆக்ஸிடோசின் ஊசியை ‘இயற்கைப் பிரசவம்’ என்ற பெயரில் வேண்டாமென்று சொல்லச் சொல்லும் சில டூலாக்கள் இருக்கிறார்கள். நான் அதற்கு எதிரி. அதே காரணத்தால்தான் டாக்டரோ நர்ஸோ இல்லாத வீட்டுப் பிரசவத்துக்கும் போவதில்லை. 2018 ஜூலையில் திருப்பூரில் யூடியூப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்த்து, ரத்தப்போக்கில் ஒரு இளம் தாய் இறந்துபோனார். இங்கிருந்து ஒன்றரை மணி நேர ஊர். மருத்துவமனை இல்லாத காடும் அல்ல.

கர்ப்ப காலத்திலேயே செய்யவேண்டியதுதான் என் தயாரிப்பில் பாதிக்கு மேல். முதல் சந்திப்பில் தாய் சேய் நல அட்டையை வாங்கி நான்கு விஷயம் குறித்துக்கொள்கிறேன்: ஹீமோகுளோபின், ரத்த வகை, ஸ்கேனில் நஞ்சு எங்கே இருக்கிறது, முந்தைய பிரசவத்தில் என்ன நடந்தது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் கர்ப்பிணிகளில் 52.2 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஹீமோகுளோபின் 8இல் இருப்பவளுக்கு அரை லிட்டர் இழப்பு என்பது 12இல் இருப்பவளுக்கு அரை லிட்டர் மாதிரி இல்லை. இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு விழுங்குகிறாளா, எலுமிச்சை ஜூஸோடா என்று கேட்பது சின்ன விஷயம்தான். ஆனால் அதைக் கேட்க டாக்டருக்கு நேரம் இருப்பதில்லை, எனக்கு இருக்கிறது.

வீட்டுக்காரரிடம் தனியாகப் பேசுவேன். இந்த மருத்துவமனையிலேயே ரத்த வங்கி இருக்கிறதா, வெளியிலிருந்து வரவேண்டுமா, ராத்திரி இரண்டு மணிக்கு எவ்வளவு நேரமாகும் என்று கேட்டு வரச் சொல்வேன். போன் அடித்தால் வந்து ரத்தம் கொடுக்கக்கூடிய மூன்று பேர் பெயர் வேண்டும். 45 கிலோவுக்கு மேல் எடை, ஹீமோகுளோபின் 12.5க்குக் குறையாமல், ஆணென்றால் கடைசியாகக் கொடுத்து மூன்று மாதம் ஆகியிருக்கவேண்டும். ‘நல்ல நாள்ல இதெல்லாம் எதுக்குங்க பேசணும்’ என்று மாமியார்கள் முகம் சுளிப்பார்கள். குடையை எடுத்து வைத்தால் மழை வந்துவிடுமா அம்மா என்று கேட்பேன். பெரும்பாலும் சிரித்துவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள்.

முதல் சந்திப்பில் அட்டையைப் பார்த்து எடுத்த குறிப்பு ஒருமுறை உயிரைக் காத்தது. நஞ்சு கீழே, கர்ப்பப்பை வாயை ஒட்டி இருந்த ஒரு பெண், 31 வாரம். ராத்திரி இரண்டு மணிக்குப் போன். வலியே இல்லை, பளிச்சென்று சிவப்பாக ரத்தம். “காலைத் தூக்கி வெச்சுப் படுக்கட்டும், விடிஞ்சதும் போலாம்னு சொல்றாங்க அத்தை” என்றாள். இப்பவே 108ஐக் கூப்பிடு என்றேன். வாசலில் யார் கேட்டாலும் முதல் வார்த்தையாக ‘நஞ்சு கீழே இருக்கு’ என்று சொல்லச் சொன்னேன். அது தெரியாமல் யாராவது உள்ளே கை வைத்துச் சோதித்தால் ரத்தம் இன்னும் பீறிடும். அன்று நின்றது, 36 வாரத்தில் சிசேரியன் ஆனது. வலியோடு வயிறு பலகை மாதிரி இறுகினால் அது வேறு: நஞ்சு முன்கூட்டியே பிரிந்திருக்கலாம், வெளியே கொஞ்சமாக வந்தாலும் உள்ளே நிறையத் தேங்கலாம். அப்போது பேடைப் பார்த்து ஆறுதல்படக் கூடாது. நெகட்டிவ் ரத்த வகைக்காரர்களுக்கு எந்த மாதத்தில் ரத்தம் பட்டாலும் 72 மணி நேரத்துக்குள் ஆன்டி-டி ஊசி (குழந்தையின் ரத்தத்துக்கு எதிராகத் தாயின் உடம்பு எதிர்ப்பொருள் உண்டாக்காமல் தடுப்பது) பற்றி டாக்டரிடம் கேட்கச் சொல்லி வைத்திருக்கிறேன்.

கடைசியாகத் தயார்படுத்தியது வாயை. டூலா வாயைத் திறந்தால் ‘வெளியே போம்மா’ என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம் எங்கள் எல்லோருக்கும் உண்டு. ‘அதிக ரத்தப்போக்கு மாதிரி இருக்கு’ என்று நான் சொன்னால் நோயைக் கண்டுபிடிக்கப் பார்க்கிறேன் என்று ஆகிவிடும். கண்டதை மட்டும் சொல்லவேண்டும். கண்ணாடி முன்னால் நின்று பழகினேன்: “சிஸ்டர், ஒரு நிமிஷம் பாருங்க. கொட்டாவி விடறாங்க, கை ஜில்லுனு இருக்கு, மாத்துன பேடு பத்து நிமிஷத்துல நனைஞ்சிருச்சு.” ஆரோக்கியமான இளம்பெண்ணின் உடம்பு ரத்த அழுத்தத்தைக் கடைசிவரை இழுத்துப் பிடிக்கும். அதற்கு முன்பே நாடி ஏறிவிடும். நாடியின் எண் ரத்த அழுத்தத்தின் மேல் எண்ணைத் தொடப் பார்த்தால் அதையும் எண்ணாகவே சொல்லிவிடுவேன்.

போன வருடம் அந்த வாக்கியம் தேவைப்பட்டது. இரண்டாவது பிரசவம், ராத்திரி 11.40க்குக் குழந்தை. 11.52க்கு அவள், “அக்கா, என்னமோ சரியில்ல” என்றாள். மானிட்டரில் நாடி 118. சத்தமாகச் சொன்னேன், பழகிய வார்த்தைகளிலேயே. சிஸ்டர் உடனே வந்து வயிற்றில் கை வைத்துவிட்டு மணியை அடித்தார். விரிப்பின் பையில் 600ஐத் தாண்டியிருந்தது.

இந்த முறை சுவரோரம் போகவில்லை. அவள் தலைமாட்டுக்குப் போனேன். யாருக்கும் இடைஞ்சல் இல்லாத இடம் அது ஒன்றுதான். குழந்தையை அப்பாவின் நெஞ்சில், சட்டைக்குள் போட்டுவிட்டு, அவள் காதோரம் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே இருந்தேன். “இப்ப வயித்த அழுத்துவாங்க, நல்லா வலிக்கும், என் கையப் பிடிச்சுக்கோ.” “இன்னொரு கையில டிரிப்ஸ் ஏத்தறாங்க.” “யூரின் குழாய் வைக்கிறாங்க.” டிரனெக்ஸாமிக் அமிலம் போட்டார்கள். குழந்தை பிறந்த மூன்று மணி நேரத்துக்குள் போட்டால் ரத்தப்போக்கால் வரும் சாவைக் குறைக்கிறது என்று 2017இல் நிரூபணமான மருந்து. அதைக் கண்டுபிடித்த ஜப்பானியப் பெண் உதாகோ ஒகாமோதோ, தன் மருந்து தாய்மாரைக் காக்கும் என்று நம்பியவர். முடிவு வருவதற்கு முந்தைய வருடம்தான் இறந்துபோனார். அந்த மருந்துப் புட்டியைப் பார்க்கும்போதெல்லாம் அவரை நினைத்துக்கொள்கிறேன்.

12.30க்கு நின்றது. ரத்தம் ஏற்றத் தேவைப்படவில்லை.

வீட்டுக்குப் போன பிறகும் வேலை இருந்தது. நிறைய ரத்தம் போனவர்களுக்குப் பால் இறங்கத் தாமதமாகும் என்று முன்பே சொல்லி வைத்திருந்தேன். ஐந்தாம் நாள்தான் இறங்கியது; அதுவரை ‘பாலே இல்லை’ என்று யாரும் அவளைப் பேசாமல் பார்த்துக்கொண்டேன். குறைந்த ரத்தப்போக்கு திடீரென்று அதிகமானாலோ, நாற்றமோ காய்ச்சலோ வந்தாலோ, பிரசவமாகி எத்தனை வாரம் ஆனாலும் உடனே மருத்துவமனைக்குப் போகவேண்டும் என்று எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டினேன்.

அன்று ராத்திரி உள்ளங்கையில் பேனாவால் குறித்த நேரங்களை வீட்டுக்கு வந்து ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். மூன்று வாரம் கழித்து அவளாகவே கேட்டாள், அன்று என்ன நடந்தது என்று. அவள் ஞாபகத்தில் இருந்தது மேலே எரிந்த விளக்கும் நிறைய முகமூடிகளும்தான். தாளைக் கொடுத்தேன். குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தாள். 11.52 என்று எழுதியிருந்த வரியில் விரலை வைத்து, “இது நான் சொன்னதாக்கா?” என்று கேட்டாள்.

“ஆமா கண்ணு. நீதான் சொன்ன” என்றேன்.